குளியலறை விளக்கு: ஹோல்டரா, டியூப்லைட்டா, பல்க்ஹெட்டா, 12 வோல்ட்டா?

விளக்குக் கடையில் எல்லாரும் கேட்பது எத்தனை வாட்ஸ், வெள்ளையா மஞ்சளா என்றுதான். குளியலறைக்கு வாங்கும்போது பெட்டியில் 'ஐபி' என்று போட்டு ஓர் எண் இருக்கும், அதை முதலில் பாருங்கள். அதில் இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கானது. 20 என்றால் தண்ணீருக்குப் பாதுகாப்பே கிடையாது, 44 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும், 65 பீய்ச்சி அடித்தாலும் தாங்கும்.

கதவுக்கு மேலே ஒரு ஹோல்டர், அதில் 9 வாட்ஸ் எல்.இ.டி பல்பு. நம் வீடுகளில் அதிகம் பார்ப்பது இதுதான். மலிவு, போனால் யாரும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆபத்து இருப்பதே அந்த மாற்றும் நேரத்தில்தான்: பல்பைக் கழற்றினால் உள்ளே இருக்கும் இரண்டு பின்னும் விரலுக்கு எட்டும், ஒயரிங் செய்தவர் சுவிட்சை கரண்ட் வரும் பேஸ் ஒயரில் கொடுக்காமல், திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் கொடுத்திருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் அங்கே 230 வோல்ட் நிற்கும், நாமோ ஈரத் தரையில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு வெறுங்காலோடு ஏறியிருப்போம். மெயினை அணைக்காமல் அதைத் தொடவே கூடாது.

டியூப்லைட் பட்டிக்கு வெளிச்சம் அதிகம், அவ்வளவுதான். சாதாரணப் பட்டிகள் பெரும்பாலும் ஐபி 20, வெந்நீர் ஆவி உள்ளே போய்த் துரு ஏறும். ஹாலில் மிச்சமானதைக் கொண்டுவந்து இங்கே மாட்டாதீர்கள்.

என் ஓட்டு ஐபி 65 பல்க்ஹெட்டுக்கு, அதாவது சுவரோடு ஒட்டி மாட்டும் மூடிய விளக்குக்கு. பிளாஸ்டிக் உடம்பு, பால் நிற மூடி, உள்ளே ரப்பர் வளையம், எல்.இ.டி அதிலேயே சேர்ந்து வரும். உள்ளே ஹோல்டர் வைத்துத் தனியாகப் பல்பு போடும் ரகமும் உண்டு, ஆனால் மூடிய கூட்டுக்குள் சூடு தங்கி எல்.இ.டி பல்பு சீக்கிரம் போய்விடும். சேர்ந்து வருவதில் உள்ள குறை, போனால் முழுசாக மாற்ற வேண்டும். இன்னொன்று, ஒயர் நுழையும் இடத்தில் கிளாண்ட், அதாவது ஒயரை இறுக்கிப் பிடித்துத் தண்ணீர் புகாமல் அடைக்கும் திருகு, போட வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஓட்டையைப் பெரிதாக்கி ஒயரைத் திணித்துவிட்டால் 65 என்பது அட்டைப்பெட்டியோடு போயிற்று. உலோக உடம்பு என்றால் எர்த் கட்டாயம்.

12 வோல்ட் விளக்கு எப்போது? ஷவருக்கு நேர் மேலேயோ சுவரில் தாழ்வாகவோ வைத்தே ஆக வேண்டும் என்றால். சர்வதேச விதிப்படி குளியல் தொட்டிக்குள் 12 வோல்ட்டுக்கு மேல் கூடாது, ஷவர் பக்கம் தரையிலிருந்து 2.25 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஏழரை அடி வரை தண்ணீர் படும் இடமாகவே கணக்கு. மெயின் கரண்ட்டை 12 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் டிரைவரை ஈரம் படாத இடத்தில், முடிந்தால் குளியலறைக்கு வெளியே வைக்க வேண்டும். மெயின் கரண்ட்டையும் 12 வோல்ட்டையும் முழுதாகப் பிரிக்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள், மலிவு டிரைவர்கள் எல்லாம் அப்படி இல்லை. சாதாரணக் குளியலறைக்கு இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை.

சரி, எதைப் போட்டாலும், கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இருக்கிறதா பாருங்கள். லோடு கூடினால் விழும் எம்.சி.பி இருக்கிறதே என்பார்கள். 6 ஆம்பியர் எம்.சி.பி ஒயரைத்தான் காப்பாற்றும், உடம்பு வழியாகப் போகும் சில மில்லி ஆம்பியர் அதற்குத் தெரியவே தெரியாது. ஆர்.சி.சி.பி-யில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், அழுத்தியதும் டக்கென்று விழ வேண்டும். விழவில்லையா, விளக்கு வாங்கும் காசில் முதலில் அதை மாற்றுங்கள்.