கென்ட் ஸ்டேட்டால் நான் பட்ட பாடு: காலேஜ் ஃபுட்பால் 25 விளையாடிய கதை

மச்சான் நியூ ஜெர்சியில் இருந்து வந்தபோது சாக்லேட், சென்ட் பாட்டிலோடு ஒரு பிஎஸ்5 டிஸ்க்கும் கொண்டு வந்தார். ஈஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25. ஃபுட்பால் என்றதும் நம்ம கால்பந்து என்று சந்தோஷப்பட்டேன், அட்டையைப் பார்த்தால் ஹெல்மெட், இது அமெரிக்கன் ஃபுட்பால். "ரக்பி மாதிரிதான், ஆனா நிறுத்தி நிறுத்தி ஆடுவாங்க" என்று அவர் சொன்னதோடு சரி, டிவிக்குக் கீழே தூங்கியது. ஃபெஞ்சல் புயல் அடித்து ஓய்ந்து, முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்த பிறகும் வெளியே போக வழியில்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் எடுத்துப் போட்டேன். இங்கே வாங்கிய பிஎஸ்5-இலும் டிஸ்க் ஒழுங்காக ஓடுகிறது. பிசி வைத்திருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம், இது பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டும்.

இந்த கேம் 11 வருஷம் காணாமல் போயிருந்தது. 2013-இல் என்சிஏஏ ஃபுட்பால் 14 என்ற பெயரில் வந்ததோடு நிறுத்திவிட்டார்கள். மாணவர்களின் உருவத்தைக் காசு கொடுக்காமல் கேமில் வைக்கிறார்கள் என்று, யுசிஎல்ஏ-வில் பாஸ்கெட்பால் ஆடிய எட் ஓபேனன் 2009-இல் போட்ட வழக்குதான் காரணங்களில் பெரியது. 2024 ஜூலையில் திரும்ப வந்தபோது, சம்மதம் சொன்ன ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 600 டாலரும் ஒரு கேமும் கொடுத்தார்கள். மொத்தம் 134 காலேஜ்.

அந்த 134-இல் நான் எடுத்தது டொலிடோ. பெயர் வாயில் நுழைந்தது, டீமின் பட்டப்பெயர் ராக்கெட்ஸ், வேறு காரணம் இல்லை. அங்கே காலேஜ்கள் கான்ஃபரன்ஸ் என்று பிரிந்திருக்கின்றன. நம்ம ஊர் ஸோன் மாதிரி என்று முதலில் நினைத்தேன், ஆனால் அது ஒரு கூட்டுக் குடும்பம். டிவி வருமானம் பொது, பெயரும் பொது. டொலிடோ இருப்பது மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக மேக். கேமில் அதற்கு 12 காலேஜ், நிறைய ஒஹாயோ, மிச்சிகன் பக்கம். பெரிய காலேஜ்கள் சனிக்கிழமையை எடுத்துக்கொள்வதால் இவர்கள் நவம்பரில் செவ்வாய், புதன் ராத்திரி ஆடுவார்கள், டிவியில் வர வேண்டுமே.

டைனஸ்டி என்ற பகுதியில் நாம்தான் கோச். ஸ்கூல் பையன்களுக்குத் தூது விட்டு நம்ம காலேஜுக்கு இழுக்க வேண்டும். ஒவ்வொரு காலேஜுக்கும் 14 விஷயங்களில் கிரேடு, ஒவ்வொரு பையனும் அதில் மூன்றைத்தான் பெரிதாகப் பார்ப்பான். என் மைதானம் பரவாயில்லை, கோச் கிரேடும் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் 'கான்ஃபரன்ஸ் பெருமை' என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அது மட்டும் பாதாளத்தில். பெண் கொடுக்க விசாரிக்கிறவர்கள் பையன் தங்கம், சம்பளம் நல்லது, எல்லாம் சரி, பங்காளி ஒருத்தன் தெருவில் விழுந்து கிடக்கிறானாமே என்று இழுப்பார்களே, அதேதான். என் பங்காளி, அதே மேக்கில் இருந்து தோற்றுக்கொண்டே இருக்கும் கென்ட் ஸ்டேட்.

மூன்றாவது சீசனில் 12 வெற்றி, ஒரே ஒரு தோல்வி, மேக் சாம்பியன். கேமில் பிளேஆஃபுக்கு 12 டீம், அதில் தரவரிசையில் மேலே இருக்கிற 5 கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் நிச்சயம். எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு தோல்வி வாங்கிய வேறு கான்ஃபரன்ஸ்காரன் உள்ளே போய்விட்டான். நான் ஜெயித்ததெல்லாம் யாரிடம் ஜெயித்தது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கென்ட் ஸ்டேட்டை நான் 58-3 அடித்ததற்கு ஒருத்தரும் மதிப்புக் கொடுக்கவில்லை, வீட்டில்கூட.

இதில் கேமைக் குறை சொல்ல முடியாது, நிஜமும் அப்படித்தான். 2024 செப்டம்பர் 7, ஒரே சனிக்கிழமை: மேக்கின் நார்தர்ன் இல்லினாய், நாட்டிலேயே 5-ஆவது இடத்தில் இருந்த நோட்ர டேமை அவர்கள் மைதானத்திலேயே 16-14 என்று சாய்த்தது. அதே நாள் கென்ட் ஸ்டேட், கீழ்ப்பிரிவில் ஆடும் செயின்ட் ஃபிரான்சிஸ் என்ற சின்ன காலேஜிடம் 23-17 தோற்றது. அண்ணன் வாங்கி வந்த பேரைத் தம்பி சாயங்காலத்துக்குள் விற்றுவிட்டான். அடுத்த வாரம் டென்னசியிடம் 71-0, பாதி ஆட்டத்திலேயே 65. அதற்கடுத்த வாரம் பென் ஸ்டேட்டிடம் 56-0. சீசன் முடிவில் 12 மேட்ச், 12 தோல்வி.

ஏன் அப்படிப்பட்ட இடத்துக்கெல்லாம் போய் அடி வாங்க வேண்டும்? காசு. பெரிய காலேஜ் தன் மைதானத்தில் சுலபமாக ஒரு வெற்றி வேண்டும் என்று சின்ன காலேஜுக்குப் பணம் கொடுத்துக் கூப்பிடும், ஒரு மேட்சுக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டுவதும் உண்டு. அந்தக் காசில்தான் மற்ற விளையாட்டுகளும் ஓடும். கேமில் இந்தக் கணக்கு வழக்கே கிடையாது. என்னைப் பொறுத்தவரை பெரிய ஓட்டை இதுதான், தோற்பதற்குப் பின்னால் ஒரு பட்ஜெட் இருக்கிறது என்பதே தெரியாமல் அவர்களைத் திட்டிக்கொண்டிருப்போம்.

நான் படித்த காலேஜே வாலிபாலில் ஒரு கென்ட் ஸ்டேட்தான் (பெயர் வேண்டாம்). நெட் கிழிந்து இரண்டு வருஷம், கட்டுக்கம்பியால் முடிச்சுப் போட்டு ஆடினோம். பஸ் காசு இல்லை என்று போட்டிக்கே போகாமல் வாக்ஓவர் கொடுப்போம். எங்கள் குரூப்பில் இருந்த நல்ல டீம் ஒன்று அப்படியே இரண்டு மேட்ச் ஆடாமல் அடுத்த சுற்றுக்குப் போய், அங்கே வியர்வை காய்வதற்குள் தோற்றுத் திரும்பியது. அவர்கள் கேப்டன் எங்களைப் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. ஒருவேளை அதற்குத்தான் இப்போது அனுபவிக்கிறேனோ என்னவோ.

சரி, கேமில் கான்ஃபரன்ஸ்களை நம் இஷ்டத்துக்கு மாற்றி அமைக்கலாம். ஆத்திரத்தில் கென்ட் ஸ்டேட்டைத் தூக்கி வெளியே போட்டேன். அடுத்த சீசன் மேக்கில் ஆக்ரன் என்ற காலேஜ் கடைசி. அதையும் தூக்கலாமா என்று கை போனபோதுதான் டெம்பிள் என்ற காலேஜின் கதை கண்ணில் பட்டது. பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ் 2001-இல் ஓட்டுப் போட்டு, தோற்றுக்கொண்டே இருக்கிறது, கூட்டமும் வருவதில்லை என்று டெம்பிளின் ஃபுட்பால் டீமை வெளியே அனுப்பியது. 2004 அவர்களுக்கு அங்கே கடைசி சீசன். 2007-இல் அதைச் சேர்த்துக்கொண்டது யார்? இதே மேக். இரண்டே வருஷத்தில் 9 மேட்ச் ஜெயித்தார்கள். பிறகு பிக் ஈஸ்ட்டில் ஆட்கள் கழன்றுகொண்டு போக, 2012-இல் அவர்களே டெம்பிளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

நம்ம ரஞ்சியில் இதற்கு வேறு ஏற்பாடு. 2018-19-இல் புதுச்சேரியோடு சேர்த்து 9 புது டீம் வந்தபோது, தரம் கெட்டுப்போகும் என்று புலம்பாதவர் இல்லை. அவர்களை பிளேட் என்று தனி குரூப்பாக வைத்தார்கள், முதலிடம் பிடித்தால் மேலே போகலாம். புதுச்சேரி டீமின் மைதானம் இருக்கும் துத்திப்பட்டில் அந்தக் காலத்து மேட்சுகளைக் காலியான வேலி ஓரம் நின்று பார்த்தவன் நான். 2024 ஜனவரியில் அதே புதுச்சேரி டெல்லிக்கே போய் டெல்லியை 9 விக்கெட்டில் அடித்தது. அமெரிக்க காலேஜில் இந்த மாதிரி ஏற்ற இறக்கம் இல்லை, டெம்பிளைப் போல ஓட்டுப் போட்டுத் துரத்தினால் ஒழிய, தோற்றாலும் உள்ளே இருப்பவன் உள்ளேயே இருப்பான்.

மற்றபடி குறைகள்: மெனு ஆமை வேகம். ஆட்டமே தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பது போதாது, முதல் ஒரு வாரம் எதற்கு விசில் அடிக்கிறார்கள் என்றே புரியாது. எதிரணி மைதானத்தில் கூட்டம் கத்தும்போது திரை ஆடுவது மட்டும் அபாரம், என் அம்மா டிவி கெட்டுவிட்டது என்று நினைத்தார். வந்தபோது 70 டாலர். 2025 ஜூலையில் 26-உம் வந்துவிட்டதால் உறவுக்காரர் யாராவது வந்தால் அதையே கேளுங்கள். நிர்வாகம், ஆள் சேர்ப்பு பிடித்தவர்களுக்கு 5-க்கு 4, சும்மா பட்டனைத் தட்ட நினைப்பவர்களுக்கு 2.

இப்போது தங்கச்சி மகன் புதிதாக ஒரு டைனஸ்டி ஆரம்பித்திருக்கிறான். எந்த காலேஜ்டா என்றேன். "கென்ட் ஸ்டேட் மாமா, நீலமும் மஞ்சளும் சூப்பரா இருக்கு" என்கிறான். மூன்றாவது மேட்ச் டென்னசியோடு. நான் ஒன்றும் சொல்லவில்லை.