ரிச்சி தெருவில் லேப்டாப் டிவிடி டிரைவ் மாற்றும்போது

வீட்டில் கல்யாண டிவிடியைப் போட்டுப் பார்க்க உட்காரும்போதுதான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பில் டிரைவ் படுத்துவிட்டது தெரியும். சென்னையில் இதற்குப் போக வேண்டிய இடம் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.

போகும் முன் ஒரு சோதனை. டிவிடி ஓடுகிறது, சிடி மட்டும் ஓடவில்லை என்றால் டிரைவின் ஒரு லேசர் போய்விட்டது என்று அர்த்தம். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 என்று லேசர் தனித்தனி. இரண்டுமே தடுமாறினால் முதலில் லென்ஸைப் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். வெறும் தூசியாகவும் இருக்கலாம்.

கடையில் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. தடிமன் 9.5 மி.மீ.யா, 12.7 மி.மீ.யா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய டிரைவைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவதே நல்லது. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் எடுத்துவிட்டு லேப்டாப்பைக் கவிழ்த்தால், பல மாடல்களில் டிரைவைப் பிடித்திருப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றியதும் டிரைவ் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பின்பக்கம் இரண்டு பொடி ஸ்க்ரூவில் ஒரு சிறு இரும்புப் பட்டை இருக்கும். அதைப் புது டிரைவுக்கு மாற்றவில்லை என்றால் டிரைவ் உள்ளே நிற்காது. இதைத்தான் அவசரத்தில் மறக்கிறார்கள்.

முன்முகத்துப் பிளாஸ்டிக் மூடியும் பழையதுதான் வேண்டும். புது டிரைவில் வரும் மூடி உங்கள் லேப்டாப்பின் வளைவுக்குப் பொருந்துவது அபூர்வம். கடைப் பையன் நகத்தால் நெம்பினால் கொக்கி உடைந்துவிடும். தட்டு திறக்கவில்லை என்றால் முன்னால் உள்ள ஊசித்துளையில் நேராக்கிய கிளிப்பை விட்டு அழுத்தி, தட்டை வெளியே இழுத்து, பின்னாலிருந்து கொக்கியைத் தளர்த்தச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும் விஷயம் மண்டலக் குறியீடு, அதாவது கடையில் விற்கும் சினிமா டிவிடி எந்த நாடுகளில் ஓடலாம் என்று குறிக்கும் எண். டிரைவிலும் அதே எண் இருந்தால்தான் படம் ஓடும். இந்தியாவும் இலங்கையும் 5; ஐரோப்பா 2; கனடா, அமெரிக்கா 1; சிங்கப்பூர், மலேசியா 3; ஆஸ்திரேலியா 4. டிரைவில் இதை 5 முறைதான் மாற்ற முடியும். அந்தக் கணக்கு டிரைவிலேயே பதிவதால் விண்டோஸைத் திரும்பப் போட்டாலும் அழியாது. கல்யாண டிவிடிக்கு மண்டலம் கிடையாது, ஆகவே கடையில் அது ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அங்கே விற்பதில் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றியதும் உண்டு. மாட்டியவுடன் விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் டிரைவைத் திறந்து மண்டலப் பக்கத்தைப் பாருங்கள். மாற்ற மிச்சம் 0 முறை என்று இருந்தால், டிரைவ் நீங்கள் வெளிநாட்டில் வசிக்கும் நாட்டின் எண்ணில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.