வாயிலிருந்து விழும் சொல்லுக்குப் பணம்: கல்ஷியா, பாலிமார்க்கெட்டா?

டிரம்ப் இன்றைய உரையில் ‘டாரிஃப்’ (இறக்குமதி வரி) என்ற சொல்லைச் சொல்வாரா, மாட்டாரா? அமெரிக்காவில் இதற்கும் ஒரு சந்தை இருக்கிறது. ‘மென்ஷன் மார்க்கெட்’ என்கிறார்கள். சொல்வார் என்று தோன்றினால் ‘ஆம்’ வாங்க வேண்டும், மாட்டார் என்றால் ‘இல்லை’. ஜெயித்த பக்கத்துக்குப் பங்கொன்றுக்கு ஒரு டாலர், தோற்ற பக்கத்துக்குச் சுழியம். ‘ஆம்’ 70 சென்டுக்கு விற்றால், சொல்ல 70 விழுக்காடு வாய்ப்பு என்று சந்தை நினைப்பதாகப் பொருள். இந்த வியாபாரத்தில் பெரிய கடைகள் இரண்டு: கல்ஷி, பாலிமார்க்கெட்.

கல்ஷி நேர்வழியில் வந்த பிள்ளை. 2020 இல் சிஎஃப்டிசி என்ற முன்பேர வணிக ஆணையத்தின் உரிமம் வாங்கியது. அடையாளச் சான்று காட்டித்தான் கணக்குத் திறக்க முடியும், புழங்குவது டாலர். பாலிமார்க்கெட் கிரிப்டோ வழியில் வந்தது. உரிமம் இல்லாமல் சந்தை நடத்தியதற்காக 2022 தொடக்கத்தில் அதே ஆணையத்துக்கு 14 லட்சம் டாலர் அபராதம் கட்டி, அமெரிக்கர்களுக்குக் கதவை மூடியது. 2025 இல் உரிமமுள்ள ஒரு பரிவர்த்தனை நிறுவனத்தை 11.2 கோடி டாலருக்கு வாங்கி, உள்ளே திரும்ப வழி செய்துகொண்டது.

கட்டணத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கல்ஷியின் வழக்கமான சூத்திரப்படி 50 சென்ட் பங்குக்கு 1.75 சென்ட் போகும். விலை இரு ஓரங்களை நெருங்க நெருங்க அது குறையும். பாலிமார்க்கெட் நெடுங்காலம் பெரும்பாலான சந்தைகளில் கட்டணமே வாங்கவில்லை. சில்லறை விஷயம்.

சண்டை வருவது வேறு இடத்தில். அந்தச் சொல் சொல்லப்பட்டதா என்று தீர்ப்புச் சொல்வது யார்?

இது எளிய கேள்வி என்று நினைப்பவர்கள் விதிகளைப் படித்ததில்லை. பன்மை செல்லும், உடைமை உருபு செல்லும், மற்ற திரிபுகள் செல்லாது. பாலிமார்க்கெட் தன் விதியிலேயே தந்திருக்கும் எடுத்துக்காட்டு எனக்குப் பிடித்தமானது: ‘ஜாய்’ என்ற சொல்லுக்குப் பந்தயம் என்றால் ‘கில்ஜாய்’ கணக்கில் வரும், ஏனெனில் அது இரு சொல் சேர்ந்த தொகை. ‘ஜாய்ஃபுல்’ வராது, அது விகுதி ஏறியது. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணத்தை வெறுத்தவர்கள் இங்கே பணம் போட்டுவிட்டு அதையே படிக்கிறார்கள்.

கல்ஷியில் தீர்ப்பு நிறுவனத்தின் கையில். ஒப்பந்த விதியை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள், காணொளியைப் பார்க்கிறார்கள், முடிவைச் சொல்கிறார்கள். பிடிக்காவிட்டால் முறையிடலாம், பிறகு ஆணையம் இருக்கிறது. கடைக்காரரே தராசையும் பிடிக்கிறார் என்ற குறை உண்டு. ஆனால் அந்தத் தராசுக்கு முத்திரை போட ஒரு அதிகாரி இருக்கிறார்.

பாலிமார்க்கெட்டில் தராசைப் பிடிப்பது ‘யூமா’ என்ற ஏற்பாடு. ஒருவர் பிணைத்தொகை வைத்து முடிவை முன்மொழிவார். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்குள் யாரும் மறுக்காவிட்டால் அதுதான் முடிவு. மறுப்பு வந்து, மறுபடியும் வந்தால், யூமாவின் கிரிப்டோ நாணயமான டோக்கனை வைத்திருப்பவர்கள் வாக்களிப்பார்கள். டோக்கன் அதிகமிருந்தால் வாக்கும் அதிகம். 2025 மார்ச்சில் டிரம்ப் கேட்ட உக்ரைன் கனிம ஒப்பந்தம் பற்றிய சுமார் 70 லட்சம் டாலர் சந்தையில், கையெழுத்தே ஆகாத ஒப்பந்தத்துக்கு ‘ஆம்’ என்று முடிவு வந்தது. பெரும் டோக்கன் முதலாளி ஒருவர் பல கணக்குகளில் வாக்கைக் குவித்தார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. பணமும் திரும்பவில்லை. அதே ஆண்டு கோடையில் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி நேட்டோ மாநாட்டுக்குப் போட்டுவந்த உடை ‘சூட்’டா இல்லையா என்று 20 கோடி டாலருக்கு மேல் புரண்ட சந்தை இழுபறியாகி, ‘இல்லை’ என்று முடிந்தது. கண்ணால் பார்க்கும் கோட்டுக்கே இவ்வளவு என்றால், கைதட்டலில் பாதி அமுங்கிப்போன ஒரு சொல்லுக்கு என்ன ஆகும்?

அதனால் சொல் பந்தயத்துக்கு மட்டும் என் வாக்கு கல்ஷிக்கு. வேறு அரசியல் கேள்விகள் என்றால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். பாலிமார்க்கெட்டில் ஒரு நல்ல குணம் இருக்கிறது: எல்லா வர்த்தகமும் பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் வெட்டவெளிச்சம். நேற்றுத் திறந்த வாலட் (கிரிப்டோ கணக்கு) ஒன்று திடீரென்று ஒரே சொல்லில் பணத்தைக் கொட்டினால் ஊரே பார்க்கும், யாருடையது என்றுதான் தெரியாது. கல்ஷியில் நிறுவனத்துக்கு ஆளைத் தெரியும், நமக்குத் தெரியாது.

எந்தக் கடையானாலும் மாறாத ஒரு சாய்வும் உண்டு. சொல் விழுந்த நொடியே ‘ஆம்’ ஜெயித்துவிடும். ‘இல்லை’ வாங்கியவர் கடைசி வாக்கியம்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். எழுதிவைத்ததை வாசிப்பவருக்கும் மனம்போல் பேசுபவருக்கும் இதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஃபெடரல் ரிசர்வ் தலைவராக ஜெரோம் பவல் ‘குட் ஆஃப்டர்நூன்’ என்று தொடங்குவார் என்பதில் யாருக்கும் ஐயமிருந்ததில்லை. டிரம்போ தன் பேச்சு முறைக்குத் தானே ‘நெசவு’ என்று பெயர் வைத்தவர். எந்த இழை எங்கே வரும் என்று எழுதிக் கொடுத்தவருக்கும் தெரியாது. நேரலையோ சில நொடிகள் தாமதம். அரங்கில் உட்கார்ந்திருப்பவர் நமக்கு முன்பே கேட்டுவிடுகிறார்.

பேசுபவரே சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தால்? அரசியல்வாதி இல்லை, காயின்பேஸ் என்ற கிரிப்டோ பரிவர்த்தனை நிறுவனத்தின் தலைவர் பிரையன் ஆர்ம்ஸ்ட்ராங் செய்து காட்டினார். 2025 அக்டோபர் இறுதியில், காலாண்டு முடிவு பற்றிய தொலைபேசிக் கூட்டத்தில் தான் என்ன சொல்வேன் என்று நடந்த பந்தயத்தைக் கவனித்து வந்ததாகச் சொல்லிவிட்டு, பிட்காயின், எத்தீரியம், பிளாக்செயின், ஸ்டேக்கிங், வெப்3 என்று பட்டியலாக ஒப்பித்தார். இரு தளங்களிலும் சேர்த்து அதில் கிடந்தது சுமார் 84,000 டாலர்தான். ‘இல்லை’ வாங்கி வைத்திருந்தவர்களுக்குக் கூட்டம் முடிய இன்னும் சில விநாடிகளே பாக்கி இருந்தன.