மாடித் தோட்டத்துக்கு எது: குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரா, போர் தண்ணீரா?

வேளச்சேரியில் எங்கள் மொட்டை மாடிக்கு இரண்டு குழாய் வருகிறது. ஒன்றில் மெட்ரோ வாட்டர், இன்னொன்றில் போர். "குளோரின் செடிக்கு விஷம், போர் தண்ணீர்தான் இயற்கை" என்று சொல்லாத ஆள் இல்லை. நான் மெட்ரோ வாட்டருக்கு மாறிவிட்டேன். திரும்பிப் போகிற எண்ணமில்லை.

மழைநீர் இரண்டையும்விட மேல், அதில் பேச்சே இல்லை. ஆனால் பொங்கல் தாண்டினால் டிரம் காலி.

குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தின்படி, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. குளோரின் தண்ணீரில் மிஞ்சியிருக்க வேண்டும். அந்த அளவு, தொட்டியில் உள்ள மட்கிலும் தொழுவுரத்திலும் பட்டதுமே வினைபுரிந்து தீர்ந்துவிடும். வாடை தூக்கலாக வரும் நாளில் வாயகன்ற பக்கெட்டில் பிடித்து வெயிலில் வைத்து, சாயங்காலம் ஊற்றுகிறேன். அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ் கரைக்கும் தண்ணீரை மட்டும் கட்டாயம் இப்படி வைத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய நுண்ணுயிர் வாளியிலேயே செத்துவிடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது உப்பு. குளோரின் போய்விடும், உப்பு போகாது. எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு எத்தனை மி.கி. உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு, 1500 பக்கம். செடி வளர்க்கும் ஒரு பைக்குத் தினம் ஒரு லிட்டர் ஊற்றினால் 1.5 கிராம், மாதத்துக்கு 45 கிராம் உப்பு உள்ளே போகிறது. 300 டிடிஎஸ் உள்ள குழாய்த் தண்ணீரென்றால் 9 கிராம்தான். நீர் ஆவியாகிவிடும், செடியும் உறிஞ்சிவிடும், உப்பில் பெரும்பகுதி பையிலேயே தங்கும். வயலென்றால் மழை அதைக் கீழே இறக்கிவிடும், பைக்கு அந்த ஆழம் ஏது? மண்ணின் மேல் வெள்ளைப் படிவு, பையின் ஓரத்தில் பொருக்கு, பீன்ஸ் இலை நுனியிலிருந்து கருகி உள்ளே வருவது எல்லாம் இதனால்தான். பீன்ஸும் வெங்காயமும் உப்பைச் சற்றும் தாங்காது, தக்காளி கொஞ்சம் தாங்கும். போர் தண்ணீரையே நம்பினால் அவ்வப்போது நல்ல தண்ணீரை நிறைய விட்டு உப்பை அலச வேண்டும், அதோடு உரமும் வடிந்து போகும். இந்தப் பராமரிப்புத் தொல்லைக்கு முன்னால் ஒரு பக்கெட்டை வெயிலில் வைப்பது ஒரு வேலையா?

குளோரின் செடியின் மரபணுவைக் கெடுத்து விதையையும் பாழாக்கும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அந்தப் பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. குளோரின் நீரிலுள்ள கரிமப் பொருளோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன் போன்ற, மரபணுவைப் பாதிக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் பொருள்களை உண்டாக்கும் என்பது 1974இலிருந்தே தெரியும். தண்ணீரின் நச்சைப் பார்க்க வெங்காய வேரைப் பயன்படுத்துவார்கள். அதன் 16 குரோமோசோம்களும் பெரியவை, உடைந்தால் மைக்ராஸ்கோப்பில் தெரியும். ஆனால் அந்தச் சோதனையில் வேர் நேராக நீரில் நிற்கிறது, நடுவில் மண் இல்லை. வேர்நுனி செல்லில் வரும் சேதம் விதைக்குப் போவதுமில்லை. விதைக்குப் போக வேண்டுமானால் மகரந்தமோ சூலோ உருவாகும் செல்களில் அது நடந்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் வளர்ந்த அவரையிலிருந்து விதை எடுத்துத்தான் மறுபடி போடுகிறேன். முளைப்பிலும் காய்ப்பிலும் குறை தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிவதை வைத்துச் சொல்வதுதான் இது, குரோமோசோமுக்கு நான் சாட்சி இல்லை.

என் அனுபவம் மண் தொட்டியோடு சரி. மண்ணில்லாமல் தண்ணீரிலேயே கீரை வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே குளோரின் நேராக வேரில் படும். உங்கள் போரில் டிடிஎஸ் 500க்குள் இருந்தால் நானும் அதையே ஊற்றச் சொல்வேன்.