யேஃபரா, க்னிப்ஹவுசனா?

வட ஜெர்மனியின் கடலோரத்தில் யேஃபர், க்னிப்ஹவுசன் என்று அடுத்தடுத்து இரண்டு குட்டிப் பிரபுத்துவங்கள் இருந்தன. 17ஆம் நூற்றாண்டில் இரண்டையும் ஆண்டவர் ஓல்டன்பர்க் கோமகன் அந்தோன் குந்தர். 1667இல் அவர் இறந்ததும் யேஃபர் அவருடைய சகோதரி மகனுக்குப் போயிற்று. க்னிப்ஹவுசன், திருமணத்துக்கு வெளியே பிறந்த மகனுக்கு. எது நல்ல கைக்குப் போனது?

கௌரவத்தில் யேஃபர்தான் முந்தும். அங்கே பெண்களுக்கும் வாரிசுரிமை இருந்தது. மணமாகாமலே ஆண்ட மரியா, கிழக்கு ஃப்ரீசியக் கோமகன்களைப் பல்லாண்டு எதிர்த்து நின்றார். 1575இல் அவர் இறந்த பிறகே உயிலின்படி ஓல்டன்பர்க் உள்ளே வந்தது. (அவர் சாகவில்லை, சுரங்கவழியில் மறைந்தார் என்பது ஊர்க் கதை.) 1667இல் யேஃபரைப் பெற்ற அந்தச் சகோதரி மகனின் வம்சம் அன்ஹால்ட்-செர்ப்ஸ்டை ஆண்டது; 1793இல் அதன் கடைசி இளவரசர் பிள்ளையின்றி இறந்தார். ஆண்வழிச் சொத்தான செர்ப்ஸ்டை உறவினர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். யேஃபரோ அவருடைய சகோதரிக்குக் கிடைத்தது. அந்தச் சகோதரி ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின்!

பெரிய இடத்துச் சம்பந்தம்தான், ஆனால் பேரரசின் கணக்கில் யேஃபர் சில்லறைக் காசு. 1807இல் நெப்போலியனுடன் செய்த டில்சிட் உடன்படிக்கையில் ரஷ்யா அதை ஹாலந்துக்கு விட்டுக்கொடுத்தது. 1810இல் பிரான்ஸ், 1813இல் மறுபடி ரஷ்யா, 1818இல் முறைப்படி ஓல்டன்பர்க்.

க்னிப்ஹவுசனில் மக்கள் சுமார் 3,000 பேர்தான். 1733இல் நடந்த ஒரு திருமணத்தால் அது பென்டிங்க் குடும்பத்திடம் வந்தது. பக்கத்திலேயே இருந்த இந்தச் சின்ன எஜமானர்களுக்கு வியாபாரப் புத்தி இருந்தது. பிரிட்டனும் பிரான்சும் மோதிக்கொண்டபோது, நடுநிலையான க்னிப்ஹவுசன் கொடிக்குத் தனி மதிப்பு வந்தது. வெளியூர்க் கப்பல்கள் காசு கொடுத்து அதன் பத்திரங்களை வாங்கி, அந்தக் கொடியின் கீழ் ஓடின. இதை நான் குறுக்குவழி என்று சொல்லமாட்டேன்; படையில்லாத நாட்டுக்குக் கொடிதான் முதலீடு.

ஹாலந்தும் பிரான்சும் இதையும் விழுங்கின. ஆனால் 1825இல் பெர்லினில் நடந்த ஒப்பந்தம், ஓல்டன்பர்க்கின் பாதுகாப்பின் கீழ் அரைகுறைத் தன்னாட்சியைத் திருப்பித் தந்தது. யேஃபருக்கு அதுகூட வாய்க்கவில்லை. என் ஓட்டு க்னிப்ஹவுசனுக்கே.

அதற்கும் வினை வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. கடைசி பென்டிங்குகளில் ஒருவர் குடியானவர் மகள் ஒருத்தியை மணந்தார். அவர்களுடைய பிள்ளைகளுக்கு வாரிசுரிமை கிடையாது என்று குடும்பத்தின் ஆங்கிலக் கிளை வழக்காடியது. வழக்கு பல்லாண்டு இழுத்தது. 1854இல் ஓல்டன்பர்க் பணம் கொடுத்து க்னிப்ஹவுசனை வாங்கிக்கொண்டது.