டெலகோர்ட் அரங்கின் இலவச நாடகமும் அதைச் சாத்தியமாக்கிய தயாரிப்பாளரும்

நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கில் உள்ள டெலகோர்ட் திறந்தவெளி அரங்கில், கோடைக்கால ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பார்க்க ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. அரங்கில் சுமார் 1,800 பேர் அமரலாம். மேடைக்குப் பின்னே குளமும், பாறையின் மேல் பெல்வெடேர் கோட்டையும் தெரியும். திரையிலும், நகரின் பெரிய வணிக நாடக அரங்குகளான பிராட்வேயிலும் பெயர் பெற்ற நடிகர்கள் பலர் இங்கே நடிக்கின்றனர். நெடுநாள் மூடியிருந்து புதுப்பிக்கப்பட்ட அரங்கு 2025 ஆகஸ்டில் மீண்டும் திறக்கப்பட்டது.

இந்தச் சேவையை மதிப்பிடும்போது, இதை உருவாக்கிய ஜோசப் பாப்பின் வாழ்க்கைப் பணியை விட்டுவிட்டுப் பேச என்னால் இயலவில்லை. 1921இல் புரூக்ளினில் ஏழை யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்த அவர், தொலைக்காட்சி நிறுவனத்தில் மேடை மேலாளராக வேலை பார்த்துக்கொண்டே, 1954இல் மன்ஹாட்டனின் கிழக்குப் பகுதியில் உள்ள தேவாலயம் ஒன்றில் தம் நாடகக் குழுவைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் ஆற்றோரப் பூங்காவிலும், பிறகு லாரியில் ஏற்றிய மேடையோடு நகரின் பல பகுதிகளிலும் கட்டணமின்றி நாடகங்களைக் கொண்டுசென்றார். 1959இல் பூங்காத் துறையின் தலைவராக இருந்த, நகரமே அஞ்சிய ராபர்ட் மோசஸ், கூட்டத்தால் புல்தரை பாழாகிறது என்று காரணம் காட்டி, பார்வையாளரிடம் கட்டணம் வசூலித்தே ஆக வேண்டும் என்றார். பாப் மறுத்து வழக்காடினார், மேல்முறையீட்டில் வென்றார். பதிப்பாளர் ஜார்ஜ் டெலகோர்ட்டின் நன்கொடையும் நகராட்சியின் பணமும் சேர்ந்து 1962இல் நிலையான அரங்கு எழுந்தது.

ஆனால் வழக்கில் வென்றதைவிட, அதற்குப் பின் வந்த கணக்கு வழக்கு வேலையே பெரிது என்பது என் எண்ணம். கட்டணம் வாங்காத நாடகத்திலும் நடிகர், தச்சர், விளக்குக் கலைஞர் எல்லோருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். இடிபட இருந்த பழைய ஆஸ்டர் நூலகக் கட்டடத்தைக் காப்பாற்றி, 1967இல் அதைப் பப்ளிக் தியேட்டராகத் திறந்த பாப், புதிய நாடகங்களுக்கு அங்கே இடம் கொடுத்தார். அங்கே நடனக் கலைஞர்களின் உரையாடல்களிலிருந்து பயிலரங்குகளில் உருப்பெற்ற இசை நாடகம் ஒன்று 1975இல் பிராட்வேக்குச் சென்று, 1990 வரை 6,137 காட்சிகள் நடந்தது. அதன் வருமானம் அவருடைய நிறுவனத்தைப் பல ஆண்டுகள் தாங்கியது. ஓரிடத்தில் சம்பாதித்து மற்றோரிடத்தில் இலவசமாக வழங்கும் இந்த ஏற்பாட்டை, ஒரு நிர்வாகியின் மிகச் சிறந்த படைப்பு என்றே சொல்வேன். 1991இல் அவர் மறைந்த பிறகும் பப்ளிக் தியேட்டர் இச்சேவையைத் தொடர்ந்து நடத்துகிறது.

இனி நுழைவுச்சீட்டு. பூங்காவில் காலையிலேயே வரிசையில் இடம் பிடித்தால் நண்பகலில் ஆளுக்கு இரண்டு சீட்டு தருகிறார்கள். இணையக் குலுக்கலும் உண்டு. நகரின் பிற பகுதிகளிலும் குறிப்பிட்ட நாள்களில் விநியோகம் நடக்கிறது. பூங்கா வரிசை ஒழுங்கானது. மூத்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி வரிசை இருப்பதால், பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் அங்கே செல்லும் நம் பெற்றோர்களும் தயங்காமல் முயலலாம். எனினும் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும்: காசுக்குப் பதிலாக இங்கே நேரம் செலவாகிறது. நாள் கூலிக்கு உழைப்பவரால் வேலை நாளின் காலைப் பொழுதை வரிசையில் கழிக்க முடியாது. நன்கொடை அளிப்பவருக்கோ இருக்கைகள் ஒதுக்கப்படுகின்றன. நன்கொடை இல்லாமல் அரங்கு நடக்காது என்பது உண்மைதான். ஆனாலும் தொழிலாளர் வாழும் பகுதிகளுக்கே மேடையைக் கொண்டுசென்றவர் தொடங்கிய சேவையில், அப்பகுதிகளில் வழங்கும் சீட்டுகளின் எண்ணிக்கை இன்னும் கூட வேண்டும் என்று விரும்புகிறேன்.

நாடகம் அந்தி நேரத்தில் தொடங்குவதால், மாலை வெளிச்சம் மங்க மங்க மேடை விளக்குகள் மேலோங்கும் அழகு மூடிய அரங்கில் கிடைக்காதது. ஆங்கிலம் பழையது, கதைச் சுருக்கத்தை முன்னதாகப் படித்துவிட்டுச் சென்றால் நடிப்பை நன்றாகப் பின்தொடரலாம். தூறலுக்காகக் காட்சியை நிறுத்திவிட மாட்டார்கள் என்பதால் மழைச் சட்டை ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.