ஏஇஎம்மா, இன்னோவேட்டா? பழைய வி8-இல் ஏஎஃப்ஆர் மீட்டர் குழப்பும்போது எது கைகொடுக்கும்

1967 மஸ்டாங். 289 வி8, மேலே நாலு பேரல் கார்புரேட்டர், கொஞ்சம் முரட்டுத்தனமான கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு). ஐடிலில் ஏஎஃப்ஆர் மீட்டர், அதாவது காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைப் புகைக்குழாய் சென்சாரை வைத்துச் சொல்லும் மீட்டர், 16.5 என்று லீனாக (பெட்ரோல் குறைவாக; அதிகமானால் ரிச்) காட்டுகிறது. வண்டிக்குப் பின்னால் போய் நின்றாலோ பெட்ரோல் வாடையில் கண் எரிகிறது. எதை நம்புவது? அமெரிக்காவில் பழைய மசில் கார் வைத்திருக்கும் பலரும் இந்த இடத்தில் புது சென்சாருக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு.

அந்த சென்சாருக்குப் பெட்ரோல் வாடை தெரியாது. புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடித்தால் அதில் எரியாமல் வெளியேறும் காற்றும் கணக்கில் சேர்ந்து லீன் என்று வரும். ஹெட்டர் (என்ஜினிலிருந்து புகையை வாங்கும் குழாய்கள்) கேஸ்கெட்டில் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு அதே கதைதான். பெரிய கேம்ஷாஃப்டில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம் என்பதால், ஐடிலில் புகை திரும்ப உள்ளே இழுக்கப்பட்டு, கலவை சரியாக எரியாமல் மிஞ்சும் காற்றும் லீன் என்று காட்டும். மீட்டரை நம்பி, பெட்ரோலைக் கூட்டும் ஐடில் மிக்சர் ஸ்க்ரூவைத் திறந்துகொண்டே போனால் ஸ்பார்க் பிளக் கரி பிடித்து மிஸ்ஸிங் இன்னும் கூடும், மீட்டரும் இன்னும் லீன் என்று சொல்லும்.

அதனால் மீட்டர் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது, சந்தேகம் வந்தால் அதைச் சோதிக்க எவ்வளவு எளிது என்பதைத்தான்.

மலிவான நேரோபேண்ட் மீட்டரை, அந்தக் கலர் லைட் ஓடுகிற வகையை, இங்கேயே ஒதுக்கிவிடலாம். 0 முதல் 1 வோல்ட் வரை தரும் சென்சார் அது, 0.45 வோல்ட் பக்கம் சட்டென்று ரிச்சிலிருந்து லீனுக்குத் தாவும். 12.5-க்கும் 13.5-க்கும் அதில் பெரிய வித்தியாசம் தெரியாது. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றுகிறவருக்குத் தேவைப்படுவதே அந்த வித்தியாசம்தான்.

மிஞ்சுவது வைடுபேண்ட், விகிதத்தை எண்ணாகவே காட்டும் வகை. பேச்சு எப்போதும் இரண்டு கம்பெனிகளின் மீட்டர்களில்தான் வந்து நிற்கும்: ஏஇஎம் எக்ஸ்-சீரிஸ், இன்னோவேட் எம்டிஎக்ஸ்-எல் பிளஸ். இரண்டிலும் இருப்பது போஷ் எல்எஸ்யு 4.9 சென்சார்தான், ஆகவே ‘எந்த சென்சார் நல்லது’ என்ற சண்டைக்கே இடமில்லை. பழைய எம்டிஎக்ஸ்-எல் மட்டும் வேறு: அதில் எல்எஸ்யு 4.2. அந்த சென்சார் ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்றை வாங்கிக்கொள்ளும்; அந்த வழியில் எண்ணெய் ஆவியோ கிளீனர் ஸ்ப்ரேயோ புகுந்தால் அளவு நகர்ந்துவிடும். 4.9 தனக்குத் தேவையான ஆக்சிஜனைத் தானே பம்ப் செய்து வைத்துக்கொள்வதால் இந்தத் தொல்லை இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உண்மையான வேறுபாடு காலிப்ரேஷனில், அதாவது சென்சாருக்கு ஏற்ப மீட்டரைச் சரிசெய்வதில். ஏஇஎம்-இல் அந்த வேலையே கிடையாது. ஒவ்வொரு சென்சாருக்கும் தொழிற்சாலையிலேயே அளந்து ஒரு ரெசிஸ்டரைக் கனெக்டருக்குள் வைத்து அனுப்புகிறார்கள், மீட்டர் அதைப் படித்துக்கொள்கிறது. (வயர் நீளம் போதவில்லை என்று கனெக்டரை வெட்டி ஒட்டுகிறவர்கள் அந்த ரெசிஸ்டரையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள்.) இன்னோவேட்டில் சென்சாரைக் கழற்றி, திறந்த காற்றில் தொங்கவிட்டு, அதை வைத்து மீட்டரைச் சரிசெய்ய வேண்டும். கூடுதல் வேலைதான். ஆனால் சென்சார் வயதாகும்போது அந்தத் தேய்மானத்தை ஓரளவு ஈடுகட்ட வழி கிடைக்கிறது. ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோல் ஊற்றுகிறவருக்கு இது பெரிய விஷயம், ஈயம் சென்சாரைச் சீக்கிரம் கொன்றுவிடும். இதில் ஆபத்தும் உண்டு. பெட்ரோல் ஆவி நிறைந்த ஷெட்டுக்குள் காலிப்ரேட் செய்தால் தவறான கணக்கு மீட்டரில் பதிந்துவிடும். அப்புறம் என்ன டியூன் செய்தும் பயனில்லை.

இன்னொரு குழப்பம் மீட்டரின் அளவைப் பதிவு செய்யும் டேட்டா லாகர் வைத்திருப்பவர்களுக்கு. இரண்டு மீட்டரும் 0-5 வோல்ட் தருகின்றன, ஆனால் மொழி வேறு. ஏஇஎம் எக்ஸ்-சீரிஸில் 0.5 வோல்ட் என்றால் 8.5, 4.5 வோல்ட் என்றால் 18. இன்னோவேட்டில் 0 வோல்ட்டுக்கு 7.35, 5 வோல்ட்டுக்கு 22.39. ஏஇஎம் மீட்டரை மாட்டிவிட்டு லாகரில் இன்னோவேட் அளவைக் கொடுத்தால், டயலில் 14.4 இருக்கும்போது லாகில் 16.3 பதிவாகும். சென்சார் செத்துவிட்டது என்று தோன்றும். அளவு சரியாக இருந்தும் டயலும் லாகும் ஒத்துப்போகாவிட்டால் எர்த்தைப் பாருங்கள்: மீட்டருக்கு டேஷ்போர்டிலும் லாகருக்கு வேறெங்கோ எர்த் எடுத்திருப்பார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் இணைத்தால் தீர்ந்தது.

கரண்ட் விஷயத்தில் இரண்டு மீட்டரையும் குறை சொல்ல முடியாது, பழைய வண்டியின் வயரிங்தான் வில்லன். சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் அதை 780 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வைத்திருக்க வேண்டும். அதற்கு நல்ல 12 வோல்ட் தேவை. 1960களின் ஃபோர்டு, கிரைஸ்லர் கார்களில் டேஷ்போர்டுக்குப் பின்னால் பெட்ரோல் மீட்டருக்கும் டெம்பரேச்சர் மீட்டருக்கும் கரண்ட் கொடுக்கும் சின்ன டப்பா ஒன்று உண்டு. அது 12 வோல்ட்டை விட்டு விட்டு வெட்டி, சராசரியாக 5 வோல்ட் அளவுக்கு இறக்கித் தரும். கைக்கு எட்டுகிறதே என்று அங்கிருந்து வயர் இழுத்தால் எந்த மீட்டரும் வேலை செய்யாது. இக்னிஷன் காயிலின் பிளஸ் முனையும் அப்படியே: மஸ்டாங்கில் காயிலுக்குப் போகும் வயரே ஒரு ரெசிஸ்டர். சாவியால் இயங்கும் ஒரு ரிலே, பேட்டரியிலிருந்து நேர் வயர், நடுவில் ஒரு ஃபியூஸ், இதுதான் சரி. மீட்டரை ஆஃப் செய்துவிட்டு வண்டி ஓட்டவும் கூடாது. சூடில்லாத சென்சாரில் கரி படிந்து அது வீணாகும். மீட்டர் வேண்டாம் என்றால் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

இப்போது அந்த 16.5-க்கு வருவோம். என்ஜின் ஓடும்போது சோக்கைப் பாதி மூடுங்கள். மீட்டர் உடனே ரிச் பக்கம் இறங்கினால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. ஒரு வேக்கம் ஹோஸைப் பிடுங்கினால் லீன் பக்கம் ஏற வேண்டும். இரண்டுக்கும் அசையாவிட்டால் மட்டும் சென்சாரைக் கழற்றித் திறந்த காற்றில் பாருங்கள்: ஏஇஎம் தன் லீன் எல்லையில் போய் நிற்க வேண்டும், இன்னோவேட் 22.4 காட்ட வேண்டும். அசைகிறது, ஆனால் எண் நம்பும்படி இல்லை என்றால் கசிவைத் தேடுங்கள். வேக்கம் கிளீனரின் காற்றுவிடும் பக்கத்தை வால் குழாயில் வைத்து, ஹெட்டர் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

தெருவில் ஓடும் கார்புரேட்டர் வண்டி, பங்க் பெட்ரோல் என்றால் நான் ஏஇஎம்தான் வாங்குவேன். தவறாகக் காலிப்ரேட் செய்ய வாய்ப்பே இல்லாதது அதில் பெரிய நிம்மதி. வார இறுதியில் டிராக்குக்குப் போய் ஈயப் பெட்ரோல் ஊற்றுகிறவருக்கு இன்னோவேட். ஹாலி ஸ்னைப்பர் மாதிரி, கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைப் பார்த்துக்கொள்ளும் ஊசிமுறைக்கு (ஃபியூல் இன்ஜெக்ஷன்) மாறியவர்களிடம் ஏற்கெனவே ஒரு எல்எஸ்யு 4.9 இருக்கிறது, அங்கே கசிவின் விலை அதிகம்: கார்புரேட்டர் வண்டியில் மீட்டர் உங்களை மட்டும் ஏமாற்றும், இங்கே கம்ப்யூட்டரை ஏமாற்றி அதுவே பெட்ரோலைக் கூட்டிக்கொண்டு போகும். அப்படிப்பட்ட வண்டியில் எதிர்ப்பக்க நான்கு சிலிண்டரின் குழாயில் சென்சாரைத் திருகி மாட்ட இன்னொரு நட்டு வெல்டு செய்து தனி மீட்டர் ஒன்று மாட்டினால், எந்தப் பக்கம் கசிகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். அந்த வேலைக்கு இரண்டில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதுவே போதும்.